சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை சிங்கப்பூர் போகிறவர்களும், பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரும், அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் தெரிந்த கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,925 கிலோமீட்டர். மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,815.

ஒரு தளத்தில் 2,910 என்று இருக்கிறது, இன்னொன்றில் 2,925, வேறொன்றில் 1,580. எது சரி?

மூன்றும் சரிதான், அளந்த விதம் வேறு. 2,910 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. விமான நிலையத்திலிருந்து அளந்தால் பதினைந்து கிலோமீட்டர் கூடுகிறது. மீனம்பாக்கம் சென்னையின் மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது; சாங்கி சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதால் தூரம் கூடத்தான் செய்யும்.

1,580 என்பது கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். தரை மைலோடு இதைக் குழப்பிக்கொண்டு, ‘தூரம் 1,580 மைல், அதாவது 2,540 கிலோமீட்டர்’ என்று தப்பாக மாற்றிப் போட்டிருக்கும் பக்கங்களும் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இவை எல்லாமே உருண்டையான பூமியின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் அச்சு அசலாக அந்தக் கோட்டிலேயே போகாது. கிளம்பும்போது ஓடுபாதையின் திசையில் ஏறித் திரும்ப வேண்டும், நடுவில் வகுக்கப்பட்ட வான்பாதைகளைப் பிடிக்க வேண்டும், மழை மேகம் இருந்தால் ஒதுங்க வேண்டும். ஆகவே பறக்கும் தூரம் எப்போதும் இதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

பயண நேரம் எவ்வளவு?

நேரடி விமானத்தில் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் நாலே கால் மணியிலிருந்து நாலரை மணி வரை இருக்கும். திரும்பும்போதும் ஏறக்குறைய அதே அளவுதான். சில சமயம் பத்துப் பதினைந்து நிமிடம் குறையும்.

2,925 கிலோமீட்டரை 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணிக்கும் குறைவாகத்தானே வருகிறது? மிச்சம் ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

நல்ல கேள்வி. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. சென்னையில் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர ஆரம்பித்ததிலிருந்து, சாங்கியில் போய் நிற்கும் வரையுள்ள மொத்த நேரம் அது. சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்துபோய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருப்பது அதில் சேரும். இரவு பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வெளிநாட்டு விமானங்கள் வரிசையாகப் புறப்படும் வேளையில் இதற்கே இருபது நிமிடம் போய்விடலாம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை. சாங்கியில் இறங்கிய பிறகு, கொடுத்திருக்கும் நிறுத்தத்துக்குப் போக இன்னும் ஒரு பத்து நிமிடம்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் உபரி நேரத்தையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்கின்றன. சொன்ன நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்க, அட்டவணையிலேயே கொஞ்சம் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்தே நிமிடத் தாமதத்தில் போய்ச் சேருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ‘விமானி விரட்டிக்கொண்டு வந்துவிட்டார்’ என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் சிரித்து வையுங்கள்.

எந்த விமானம் வேகமாகப் போகும்?

இந்த வழித்தடத்தில் பறக்கும் ஒற்றை நடைபாதை விமானங்கள், அதாவது ஏர்பஸ் ஏ320 வகை, சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏ350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 900-ஐ ஒட்டிப் போகும். இந்தத் தூரத்துக்கு அதனால் கிடைக்கும் லாபம் கால் மணி நேரம். கால் நீட்ட இடம் வேண்டும் என்று பெரிய விமானத்தைத் தேடினால் அது நியாயம். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று தேடுவதில் பெரிய அர்த்தம் இல்லை.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன்?

காற்றுதான் காரணம். ஆனால் ‘கிழக்கே போனால் வேகம், மேற்கே போனால் தாமதம்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் விதி இந்தப் பாதைக்குப் பொருந்தாது. அந்த விதி வடக்கே, டில்லியிலிருந்தோ லண்டனிலிருந்தோ பறப்பவர்களுக்கு உரியது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. நம் பாதை 13-ஆம் அட்சரேகையில் தொடங்கி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் முடிகிறது. இங்கே கதை வேறு.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் உருவாகிறது. தரையில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது மேலே நேர் எதிர்த் திசையில் இது ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று இதற்குப் பெயர். இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் பி. கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கே தலைவராக இருந்தார். இந்தக் காற்றின் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அதன் விளிம்பு கீழேயும் எட்டும்.

அதனால் அந்த மாதங்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் எதிர்காற்றில் போகிறது. திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று. உதாரணத்துக்கு, 60 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 850-இல் போகும் விமானம் போகையில் தரைக்கு மேலே 790-ஆகவும், வருகையில் 910-ஆகவும் நகரும். முழுத் தூரத்துக்கும் கணக்குப் போட்டால் அரை மணி நேர வித்தியாசம். டிசம்பர், ஜனவரியில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது.

இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு?

இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் முன்னால் இருக்கிறது. சென்னையில் காலை 6 மணி என்றால் அங்கே 8.30.

டிக்கெட்டில் இரவு 11.15 கிளம்பி காலை 6.05 சேரும் என்று இருக்கிறது. அப்படியானால் ஏழு மணி நேரமா?

இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். 11.15-க்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் பயணம் செய்தால் நம் நேரப்படி 3.35. அதோடு இரண்டரை மணியைக் கூட்டினால் 6.05. பாட்டி வீட்டில் விழித்திருந்தால், ‘இறங்கிட்டேன்’ என்ற போன் அவருக்கு விடிகாலை நாலு மணிக்குத்தான் வரும்.

திரும்பும்போது இதற்கு எதிர்மாறு. அங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பி நாலே கால் மணி நேரம் பறந்தால் சிங்கப்பூர்க் கணக்கில் நள்ளிரவு 12.15. இரண்டரையைக் கழித்தால் சென்னையில் இரவு 9.45. டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சிங்கப்பூரில் காலை ஆறரைக்கும் இருட்டாக இருக்கிறதே, ஏன்?

அந்த ஊரின் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 104-ஆம் தீர்க்கரேகையில். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது என்ற கணக்கில் பார்த்தால், அதற்கு இயல்பான நேரம் கிரீன்விச்சை விட 7 மணி முன்னால். துல்லியமாக 6 மணி 55 நிமிடம். நடைமுறையில் 8 மணி முன்னால் வைத்திருக்கிறார்கள்.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 1905-இல் 7 மணி என்று வைத்தார்கள். 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் இன்னும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். ஜப்பானியர் ஆக்கிரமித்த காலத்தில் டோக்கியோ நேரமே அங்கும் ஓடியது, அதாவது 9. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. கடைசி மாற்றம் 1982 பிறந்தபோது வந்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவெடுத்து, தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் ஒரு முனையில் ஒரு நேரம், மறுமுனையில் இன்னொரு நேரம் என்றால் யாருக்கும் வசதிப்படாது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிவைத்துக்கொண்டது.

அதனால் 1981 வரை இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அந்தக் காலத்தில் அங்கே இருந்து திரும்பிய பெரியவர்கள் ‘ரெண்டு மணி நேரம்தானே’ என்று சொன்னால் அவர்கள் சொல்வதும் சரிதான்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே வருடம் முழுவதும் சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறைகிறது. காலை ஆறு மணி விமானத்தில் இறங்கினால் வெளியே கும்மிருட்டு. பயப்பட ஒன்றுமில்லை, பேருந்தும் ஆட்களும் நடமாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ராகு காலம் பார்த்துக் கிளம்புகிறோம். எந்த ஊர் நேரத்தை எடுத்துக்கொள்வது?

சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நிறையப் பேர் கேட்கிறார்கள். ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடப்படுவது. நம் தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமை 7.30 – 9 என்று இருப்பது, உதயம் 6 மணி என்று வைத்துக்கொண்டு போட்டது. சிங்கப்பூரில் உதயம் 7 மணி என்பதால் அதே கணக்கு 8.30 – 10 என்று வரும். ஊரிலிருந்து எடுத்துப்போன காலண்டரைச் சிங்கப்பூர் வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் பிசகும். சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு சென்னை நேரம், அங்கே கிளம்புவதற்கு அந்த ஊர் நேரம். விமானம் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் விமான நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள்.

நள்ளிரவு 12.30 விமானம். எந்தத் தேதி ஏர்போர்ட் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். டிக்கெட்டில் ‘10-ஆம் தேதி, 00.30’ என்று இருந்தால், 9-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 9-ஆம் தேதி முடிந்து அரை மணி நேரத்தில் விமானம் போய்விடும். 10-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போகும் பல விமானங்கள் இரவிலும் பின்னிரவிலும் கிளம்புகின்றன என்பதால் இந்தக் குழப்பம் இங்கே அதிகம். பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்கள் தேதியை மட்டும் சொல்லாமல் ‘ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்’ என்று கிழமையோடு சொல்லிவிடுவது நல்லது.

எந்தெந்த நிறுவனங்கள் நேரடியாகப் போகின்றன?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இண்டிகோ போன்றவை இந்தத் தடத்தில் பறப்பவை. திருச்சியிலிருந்து ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். போன தடவை போன நேரத்தை நம்பி இந்தத் தடவை விடுப்புச் சொல்லாதீர்கள்.

திருச்சி தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது. திருச்சியிலிருந்து தூரம் குறைவுதானே?

அப்படித் தோன்றும், ஆனால் இல்லை. திருச்சியிலிருந்து சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையை விட ஐம்பது, அறுபது கிலோமீட்டர் அதிகம். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே என்பதை விடக் கிழக்கே என்பதுதான் பெரிய உண்மை. திருச்சி சென்னையை விட மேற்கே தள்ளி இருப்பதால், தெற்கே இருப்பதில் கிடைக்கும் லாபம் அதில் கரைந்துபோகிறது. மதுரையிலிருந்து 3,015, கோவையிலிருந்து 3,165 கிலோமீட்டர் வரும். கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து 2,750தான். அது நன்றாகத் தெற்கே இறங்கி இருப்பதால் லாபம்.

ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த அறுபது கிலோமீட்டரைப் பற்றிக் கவலை எதற்கு? வானத்தில் அது நாலைந்து நிமிடம். சென்னைக்கு வந்து ஏறினால் தரையில் ஆறேழு மணி நேரம். திருச்சி–சிங்கப்பூர் விமானங்கள் நிரம்பி வழிவதற்கு இதுவே போதுமான காரணம். 2024-இல் திருச்சியில் புதிய முனையமும் வந்துவிட்டது.

விமானம் எந்த வழியாகப் போகிறது? ஜன்னலில் என்ன தெரியும்?

சென்னையிலிருந்து கிளம்பியதும் வங்காள விரிகுடா. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், கோடு பெரிய நிக்கோபார் தீவைத் தொட்டு, சுமத்ராவின் வட முனையை உரசி, மலாக்கா நீரிணையோடு இறங்கி, மலேசியாவின் கிள்ளான் கரையை ஒட்டி, மலாக்கா நகரத்துக்கு மேலாகப் போய் ஜொகூரைத் தாண்டி சாங்கியில் முடிகிறது. பழைய கப்பல் பாதையும் ஏறக்குறைய இதேதான். நேர்க்கோடும் நீரிணையும் இவ்வளவு ஒத்துப்போவது அதிர்ஷ்டம்தான்.

இந்தக் கோட்டில் கொஞ்சம் சரித்திரமும் கிடக்கிறது. 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் போனது. அவன் வென்ற இடங்களாகத் தஞ்சைக் கல்வெட்டு அடுக்கும் பட்டியலில் மாநக்கவாரம் என்பது நிக்கோபார். இலாமுரிதேசம் என்பது சுமத்ராவின் வட முனை. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. மாநக்கவாரமும் இலாமுரிதேசமும் கிட்டத்தட்ட விமானத்துக்கு நேர் கீழே வருகின்றன, கடாரம் கொஞ்சம் வடக்கே. இரவு விமானத்தில் இருட்டுதான் தெரியும் என்றாலும், சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் வரைபடம் இருந்தால் பெயர்களைப் பொருத்திப் பார்த்துக்கொண்டு போகலாம்.

ஜன்னல் சீட் எடுப்பவர்களுக்கு: விமானம் கிழக்கு–தென்கிழக்காகப் போவதால், பின்னிரவு விமானத்தில் விடியல் பெரும்பாலும் இடப்பக்கம் தெரியும். மாலையில் திரும்பும் விமானத்தில் மறையும் சூரியனும் பெரும்பாலும் இடப்பக்கம்தான். இரண்டு தடவையும் இடது ஜன்னல். தெற்கிலிருந்து இறங்கினால் சாங்கிக்கு முன்னால் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்க்கலாம். இருட்டில் அது கடலுக்குள் ஒரு ஊர் மாதிரி இருக்கும்.

மழை, புயல் என்றால் எவ்வளவு தாமதம் ஆகும்?

சென்னைப் பக்கம் பயப்பட வேண்டிய காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று சேவை நின்றது. அப்புறம் ஒரு விசித்திரமான நாள் இருக்கிறது: போகி. அன்று விடிகாலையில் ஊரே பழையதைக் கொளுத்தும் புகை மார்கழிப் பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடுகிறது. பல வருடங்களில் அந்தக் காலையில் விமானங்கள் தாமதமாகியிருக்கின்றன, வேறு ஊர்களுக்குத் திருப்பியும் விடப்பட்டிருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் போகி விடிகாலையில் வந்திறங்கும் விமானத்தைத் தவிர்த்தால் நல்லது.

சிங்கப்பூர்ப் பக்கம் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பின்னிரவிலும் காலையிலும் சுமத்ராவிலிருந்து வரிசையாகக் கிளம்பி வரும் இடிமழை உண்டு. ‘சுமத்ரா’ என்றே அதை அங்கே சொல்கிறார்கள். பலமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கடந்துவிடும். நம் இரவு விமானங்கள் இறங்கும் அதே நேரத்தில் வருவதால், சில நாள் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டியிருக்கும். ‘இன்னும் இருபது நிமிடம் ஆகும்’ என்று அறிவித்தால் பெரும்பாலும் இதுதான்.

நிறுத்தி நிறுத்திப் போகும் விமானம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

கோலாலம்பூர் வழியாகவும் கொழும்பு வழியாகவும் போகலாம். கோலாலம்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது, சென்னையிலிருந்து சுமார் 2,630 கிலோமீட்டர். மொத்தப் பயணம் ஆறரை மணியிலிருந்து, நடுவில் காத்திருப்பதைப் பொறுத்து, பன்னிரண்டு மணிக்கு மேலும் போகும். நாலேகால் மணி நேரப் பயணத்துக்கு அரை நாள் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய் என்றால் நேரடி விமானமே மேல். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இன்னொரு சிக்கல்: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி போடுவதற்கு அந்த நாட்டு நுழைவு விதிகளும் குறுக்கே வரும்.

வீட்டிலிருந்து வீடு வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

இதுதான் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய எண், ஆனால் எந்தத் தூரக் கணக்குத் தளமும் இதைச் சொல்லாது. தாம்பரத்தில் வீடு, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் மகன் வீடு என்று வையுங்கள். ஏர்போர்ட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கச் சொல்கிறார்கள். பெட்டி போடும் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள் என்பதால் இதில் விளையாடாதீர்கள். பயணம் நாலேகால் மணி. சாங்கியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி; நல்ல நாளில் அதற்கும் குறைவு. உட்லண்ட்ஸுக்கு டாக்ஸியில் அரை மணிக்கு மேல், ரயிலில் ஒன்றே கால் மணிக்கு மேல். கூட்டிப் பார்த்தால் ஒன்பதிலிருந்து பத்து மணி நேரம். அதாவது விமானத்தில் இருக்கும் நேரம் மொத்தத்தில் பாதிகூட இல்லை.

சாங்கியில் நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி: வருகை அட்டையை ஊரிலேயே நிரப்பிவிடுவது. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். இது விசாவும் அல்ல. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவைத் தனியாக முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

சாங்கியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் எப்படிப் போவது?

விமான நிலைய ரயிலில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறுங்கள். அது நேராக லிட்டில் இந்தியாவுக்கே போகும். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி காலை ஐந்தரை வாக்கில்தான் ஓடும். நடுராத்திரி இறங்கினால் டாக்ஸிதான். இரவுக் கட்டணம் கூடுதல்.

செல்போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளுமா?

ரோமிங் இருந்தால் மாற்றிக்கொள்ளும். ரோமிங் இல்லாத இந்திய சிம் என்றால் சில போன்கள் பழைய நேரத்திலேயே நிற்கும். இறங்கியதும் சுவரில் இருக்கும் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து நேரம் தவறக்கூடாதவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், இரண்டரை மணி வித்தியாசத்தை எப்படிச் சமாளிப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் கப்பலில் போனார்களாமே?

ஆமாம், ஒரு வாரம் போல ஆகும். சென்னையில் ஏறினால் நாகப்பட்டினத்தில் இன்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் என்று தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் போய்ச் சேரும். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தத் தடத்தில் ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்துபோனது. இப்போது இந்தத் தடத்தில் வழக்கமான பயணிகள் கப்பல் கிடையாது.

காரில் போக முடியுமா?

வரைபடத்தில் முடியும். கொல்கத்தா, மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று சுற்றினால் ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. மியான்மரில் இப்போதிருக்கும் நிலைமையில் அந்த வழியை யாரும் நம்பிக் கிளம்ப முடியாது. ‘சாலை வழித் தூரம்’ என்று ஒரு எண்ணைக் காட்டும் தளங்கள் கணினி போட்ட கோட்டைத்தான் காட்டுகின்றன.

நாலேகால் மணி நேரம் என்பது நீண்ட பயணமா?

சென்னை–டில்லி 1,760 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி. அதைவிட ஒன்றரை மணி நேரம்தான் கூடுதல். இன்னொரு பக்கம், இதே சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானம் 15,300 கிலோமீட்டர் பறக்கிறது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். இரவு விமானத்தில் சாப்பாடு கொடுத்து விளக்கை அணைக்க ஒரு மணி நேரம், இறங்குவதற்கு முன் விளக்கைப் போட்டு எழுப்ப அரை மணி நேரம் போய்விட்டால், தூங்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்தான். தூக்கம் முக்கியம் என்றால் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, ஏறியதும் கண்ணை மூடிவிடுங்கள்.